இரண்டாவது பொட்டலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முட்டிவலியில் வந்துதான் நிற்கும். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அதையும் தாண்டி ஒரு பேச்சு வந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒருத்தி, தன் மருமகள் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு சனி ஞாயிறு இரண்டு நாள் பெங்களூருக்குத் தனியாகப் போய்வந்த கதையைச் சொல்லி, "காலம் கெட்டுப்போச்சு பாத்துக்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பந்திக்கு எழுந்துவிட்டேன். எங்கள் அம்மா அந்தக் காரியத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்தவள். அதுவும் சாமியின் உத்தரவோடு செய்தாள். அந்த உத்தரவை எடுத்துக் கொடுத்தது என்னுடைய இந்தக் கைதான். மண்டபத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலைக்காட்டில் திரிந்தவர்கள்தான், உங்களுக்குப் புரியும்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வழியாகச் சேலம் போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே ஒரு மைல் நடந்தால் எங்கள் தோட்டம். ஒரு கிணறு, நாலு உருப்படி மாடு, கடலையும் பருத்தியும். நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எதையும் தானாக முடிவு செய்யவும் மாட்டார். கிணற்றை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாமா, காரி மாட்டை விற்கலாமா, ரிக் வண்டியைக் கூப்பிட்டு எந்த மூலையில் போர் போடலாம், எது கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "சாமிகிட்டக் கேட்டுப் பாத்தரலாம்."

கேட்பது என்றால் பூக்கேட்பது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரன் பேத்திகள் படித்தால் அவர்களுக்கு விளங்கட்டும். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, எதில் எது என்று தெரியாதபடி கலந்து சாமியின் காலடியில் வைப்பார்கள். வயசுக்கு வராத பிள்ளை ஒன்றுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு கூட்டிவந்து, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு ஆச்சு. சிவப்பு வந்தால் சாமிக்கு இஷ்டமில்லை. எடுத்த பொட்டலத்தைக் கோயில் பண்டாரம் எல்லார் முன்னாலும் பிரிப்பார். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. அதை அப்படியே கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னால் நிற்கிற அரளிச்செடிக்குக் கீழே போட்டுவிடுவார். அதைப் பிரித்துப் பார்த்தால் கண் போய்விடும் என்று எங்களையெல்லாம் பயமுறுத்தி வைத்திருந்தார்.

நான்தான் அந்தச் சுற்று வட்டாரத்துக்கே பூ எடுக்கிற பிள்ளை. என் கை ராசியான கை என்று எப்படியோ பேராகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள், நிலம் வாங்குகிறவர்கள், வழக்குப் போட நினைக்கிறவர்கள் எல்லாரும் காலையில் வாசலில் வந்து நின்று, "அம்முணியக் கொஞ்சம் அனுப்பி வையுங்க" என்பார்கள். ஈரப்பாவாடை காலில் ஒட்ட, கற்பூரப் புகைக்குள் கையை நீட்டும்போது, சாமி என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதாகவே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் வெயிலில் நிற்கும்போதுகூட, என் கை யார் கை என்று இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

முதன்முதலில் நான் பூ எடுத்தது ஐந்து வயதில். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவள். பக்கத்து ஊரில் பால்வாடி ஆரம்பித்து, டீச்சர் வேலைக்கு அம்மாவைத் தேடி ஆள் வந்தது. அப்பா வழக்கம்போல, "கேட்டுப் பாத்தரலாம்" என்றார். நான் எடுத்தேன். சிவப்பு. "என்ன பண்றது, சாமிக்கு இஷ்டமில்லியே" என்று அப்பா வருத்தமாகச் சொன்னார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் குழம்பில் உப்பே இல்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் நாலாம் வகுப்பு படிக்கையில்தான் அந்தச் சனி ஞாயிறு வந்தது. அம்மாவோடு ஒன்றாகப் படித்த சிநேகிதி ஒருத்தி, ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு சேலம் சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா ஒரு சாயங்காலம் பால் கறந்துகொண்டே சொன்னாள்.

"அவ ஊட்டுக்காரரு லைனுக்குப் போயிருவாருங்க. சனி ஞாயிறு ரெண்டு நாளு நான் போயி இருந்துட்டு வாரனே?"

"தனியாவா?" என்றார் அப்பா.

"நீங்க வந்தா மாட்டை ஆரு பாக்கறதுங்க?"

அப்பா வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு, "கேட்டுப் பாத்தரலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை கேட்டோம். அன்றைக்குப் பண்டாரத்துக்கு நகச்சுற்று. ஆட்காட்டி விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நின்றார். அந்தக் கையோடு அவரால் மணியடிக்க முடிந்தது, நார் கட்ட முடியவில்லை. "நீங்க இருங்க, நான் கட்டறேன்" என்று அம்மா பூக்கூடையை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தாள். அதில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் எடுத்தேன். பண்டாரம் பழம் செருகின விரலை எட்ட வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் தடுமாறிப் பிரித்தார். வெள்ளை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலம்! நான் சேலத்தைப் பார்த்ததில்லை, ரயிலைப் பார்த்ததில்லை. அம்மா போனால் நானும் போவேன் என்றுதான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து, என் பச்சைப் பாவாடையை எடுத்து அம்மாவின் பையில் வைத்தேன். அம்மா அதை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

"நானும் வாரேம்மா."

"எனக்கு மட்டுந்தான சாமி உத்தரவு குடுத்துச்சு. உனக்குக் கேக்கலியே கண்ணு."

சாமி சொன்னதற்கு மேல் பேச முடியுமா? அதுவும் என் கை வழியாகச் சொன்னதை எதிர்த்து நானே பேசுவதா? சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். நானும் பெரிய மனுஷியாகக் கை காட்டினேன். பஸ் கிளப்பிய டீசல் புகையும் புழுதியும் அடங்கியதும் அழுகை வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனேன்.

எதற்குப் போனேன் தெரியுமா? நான் எடுக்காத அந்தச் சிவப்புப் பூவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதை எடுத்திருந்தால் அம்மா போயிருக்க மாட்டாள். அதைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டலாம் என்றுகூட நினைத்திருப்பேன், ஒன்பது வயசு. அரளிச்செடிக்குக் கீழே பழைய பொட்டலங்கள் காய்ந்து சருகாகக் கிடந்தன. ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. எடுத்தேன். கண் போய்விடுமே என்று யோசித்தேன். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், போனால் ஒன்றுதானே போகும். அப்படி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நாரை அவிழ்த்தேன்.

உள்ளே வெள்ளரளி இருந்தது.

மூடின கண்ணையும் திறந்து பார்த்தேன். வெள்ளைதான். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது. எடுத்தது வெள்ளை, எடுக்காததும் வெள்ளை. கட்டியது அம்மா. சாமி என் கையை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எந்தப் பக்கம் கையை நீட்டியிருந்தாலும் அம்மா சேலத்துக்குப் போயிருப்பாள். "உனக்குக் கேக்கலியே கண்ணு" என்று சொன்னபோது அவளுக்கு அது தெரியும். என்னைவிட்டுப் போவதற்கு என் கையையே எடுத்துக்கொண்டாள். பூவை மறுபடி இலையில் மடித்துக் கட்டி, செடிக்குக் கீழே மண்ணைத் தோண்டிப் புதைத்தேன்.

அந்த இரண்டு நாளும் அப்பாதான் எனக்குத் தலை பின்னினார். மாட்டுக்குக் கயிறு திரிக்கிற கை, ஜடை மாட்டைக் கட்டுகிற தும்பு மாதிரி நின்றது. களி கிண்டுகிறேன் என்று கட்டி கட்டியாக ஒன்றைத் தட்டில் போட்டு, "எப்புடி, உங்கம்மாளாட்டவே இருக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். யார் வந்தாலும், "சாமியே போவச் சொல்லிருச்சு" என்று பெருமையாகச் சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். அம்மா படியில் இறங்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. யாரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை அது, தானாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் அதைத் துடைத்து வைத்துவிட்டு, "ஏஞ்சாமி, இங்க வந்து நிக்கற?" என்றாள். அவள் மேல் வேறு பவுடர் வாசனை. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கிற கருப்பு குறைந்திருந்தது. எனக்கென்று நீல ரிப்பன் ஒரு முழம் வாங்கி வந்திருந்தாள். நான் அதைக் கட்டவே இல்லை. அது எங்கே போயிற்றோ தெரியாது.

"புள்ளைக்கு எப்புடி இருக்குது?" என்று அப்பா சிநேகிதியைப் பற்றிக் கேட்டார்.

"தையல் இன்னும் பிரிக்கலீங்க. எந்திரிச்சு ஒக்காரவே முடியல, பாவம்."

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நம் காலத்தில் தபால்காரர் தோட்டங்களுக்கு நடக்க அலுத்துக்கொண்டு, கடிதங்களைப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார் இல்லையா? அப்படி என் கைக்கு ஓர் உறை வந்தது. அம்மா பெயர், கெட்டியான அட்டை. புளியமரத்தடியில் உட்கார்ந்து எச்சில் தொட்டுப் பிரித்தேன்.

ஒரு போட்டோ. ஸ்டுடியோவில் பலகையில் வரைந்து வைத்த கார் ஒன்று. அதற்குப் பின்னால் அம்மாவும் சிநேகிதியும் காரில் உட்கார்ந்திருப்பதாக நிற்கிறார்கள். சிநேகிதி ஸ்டியரிங் பிடித்திருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். வயிற்றில் தையல் போட்டவள் நிற்கிற நிற்பா அது? அம்மா பக்கத்தில், வாயைப் பொத்தாமல், தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். வீட்டில் அம்மா சிரித்தால் முந்தானை வாய்க்கு வந்துவிடும். அவளுக்கு இடதுபக்கம் ஒரு தெத்துப்பல் இருப்பது அந்தப் படத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பின்னால் சிநேகிதி எழுதியிருந்தாள். "அடுத்த மாசமும் வந்துவிடு. நீ காலையில் ஒன்பது மணி வரைக்கும் அசந்து தூங்கியதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்."

இன்றைக்கு அந்த வரியை நினைத்துப் பார்க்கிறவளுக்கு வேறு என்னவோ தெரிகிறது. கோழி கூவும் முன்னே எழுந்து, நாலு மாட்டையும் ஒரு குடும்பத்தையும் தூக்கிச் சுமந்தவள், ஒன்பது மணி வரை தூங்குவதற்காக ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு சேலம் வரை போயிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. நான் இல்லாத இடத்தில் அம்மா இப்படிச் சிரிப்பாள் என்பது ஒன்றுதான் தெரிந்தது. என்னிடம் சிரிக்காத சிரிப்பு. படத்தைப் பாடப்புத்தகத்தின் காக்கி அட்டைக்குள் செருகி வைத்தேன். அம்மாவிடம் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா மறுபடி ஆரம்பித்தாள். சிநேகிதிக்குத் தையல் போட்ட இடம் சீழ் வைத்துவிட்டதாம். அப்பா மறுபடி, "கேட்டுப் பாத்தரலாம்" என்றார். நான் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டே கோயிலுக்குப் போனேன். பண்டாரத்தின் நகச்சுற்று ஆறிவிட்டிருந்தது, ஆனால் அவர் கேட்கும் முன்பே அம்மா கூடையை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். விளக்குப் போட வந்திருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் கூட நின்றார்கள். எண்ணெயும் அரளிக் கசப்பும் கலந்த வாசனை. நான் எடுத்தேன். பண்டாரம் பிரித்தார். வெள்ளை.

அவர் இன்னொன்றுக்குக் குனிவதற்குள் நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

"அம்முணி! பிரிக்கப்படாது! கண்ணு!" என்று கத்தினார்.

நான் இந்தத் தடவை ஒரு கண்ணையும் மூடவில்லை. நாரைப் பல்லால் கடித்து இழுத்து, இலையை விரித்து, அப்பாவுக்கு நேரே நீட்டினேன். "இதுவும் வெள்ளை. போன தடவையும் ரெண்டும் வெள்ளை. அம்மாதான் கட்டுனாங்க. அங்க ஆருக்கும் ஆபரேசன் இல்ல." அதோடு நின்றேனா? பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டையைக் கிழித்து, போட்டோவையும் கொடுத்தேன்.

அப்பா முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை. பண்டாரத்தைப் பார்த்தார். ஏன் அவரைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பண்டாரம் கைகூப்பிக்கொண்டு, "நானு ஒண்ணும் சொல்லலீங்க பண்ணாடி, சத்தியமா நானு இல்லீங்க" என்று பதறினார். அப்புறம்தான் அப்பா போட்டோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காரு வேற ஓட்டறாளுகளா!" என்றாள். அப்பா படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. கூடையில் மிச்சமிருந்த பூவைச் சாமி முன்னால் கொட்டிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். நான் போனபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணு நல்லாத் தெரியுதா சாமி?"

கிண்டலா, நிஜமாகவே பயந்து கேட்டாளா, இன்றுவரை தெரியவில்லை. நான் உள்ளே போய்விட்டேன். ஒரு மாதம் அவளைத் தலை பின்ன விடவில்லை.

அப்பா குரலை உயர்த்த மாட்டார் என்று சொன்னேனே, அன்றைக்கும் உயர்த்தவில்லை. இனிமேல் பொட்டலத்தைப் பண்டாரம் தவிர யாரும் தொடக்கூடாது, எங்கள் வீட்டுப் பெண்கள் தூணுக்கு இந்தப்பக்கமே நிற்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார். அம்மா அதற்கப்புறம் தனியாகப் பஸ் ஏறவில்லை. சிநேகிதியின் கடிதம் வரவில்லை. வந்து அப்பா வாங்கி வைத்துக்கொண்டாரோ என்னவோ. கொஞ்ச வருஷத்தில் அவர்களை மாற்றல் செய்து கேரளாப் பக்கம் அனுப்பிவிட்டதாகக் கேள்வி. என்னையும் யாரும் பூ எடுக்கக் கூப்பிடவில்லை. "பிரிச்சுப் பாக்கற புள்ள" என்றார்கள். மெச்சுவார்கள் என்று நினைத்திருந்தேன், ஏமாந்தேன்.

இனி நான் பிளஸ் டூ முடித்த வருஷத்துக்கு வாருங்கள். நல்ல மார்க். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அதே சமயம் திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்திருந்த குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நான் ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் அந்த ஹாஸ்டல் கட்டிலுக்காகத்தான். அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகச் சொன்னார்.

"படிக்க அனுப்பலாமான்னு சாமிகிட்டக் கேட்டுப் பாத்தரலாம்."

பண்டாரம்தான் கட்டினார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, ஐந்து வயது இருக்கும், ஈரத்தில் நடுங்கிக்கொண்டு எடுத்தது. சிவப்பு. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. பண்டாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா தூணுக்கு இந்தப்பக்கம், அப்பா போட்ட கோட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் அரளிச்செடிக்குப் போனேன். எட்டு வருஷத்தில் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பச்சைப் பொட்டலம் கிடந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அவிழ்த்தேன். சிவப்பு.

அதைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா கட்டுத்தரையில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரெண்டும் சிவப்பும்மா."

குழவியை நிறுத்தவில்லை. "தெரியும் சாமி."

"எப்புடித் தெரியும்?"

"பால்வாடி வேலைக்கு நீ எடுத்துக் குடுத்தியே. மக்காநாளு நானும் அந்தச் செடிக்குக் கீழ போயித்தான் தேடுனேன். அன்னிக்கும் ரெண்டும் சிவப்பு. பண்டாரம் ஆரு சொல்லிக் கட்டுவாரு? உங்கொப்பனுக்கு முடியாதுன்னு வாயில சொல்ல வராது. சாமிய உட்டுச் சொல்லச் சொல்லுவாரு."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அஞ்சு வயசுப் புள்ளகிட்டயா? உங்கொப்பன் உன்ற கையவே வெச்சு என்னை ஏமாத்துனாருன்னா?" வழித்த மாவை வாளியில் போட்டாள். பிறகு குரலில் கோபமே இல்லாமல் சொன்னாள். "நேத்து என்ற கைல கட்டக் குடுத்திருந்தா, ரெண்டும் வெள்ளையாத்தான் கட்டியிருப்பேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்கியவள் யார்?

நீங்கள் கேட்கலாம், போய் எல்லார் முன்னாலும் அந்தச் சிவப்பை விரித்துக் காட்டியிருக்கலாமே என்று. ஒன்பது வயதில் செய்தவள்தானே நான்? செய்யவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்குப் பயமிருக்கவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் நல்லதாக ஒன்றும் சொல்ல என்னிடம் இல்லை. தை மாதம் கல்யாணம் ஆயிற்று. வாழ்க்கை மோசம் இல்லை. வாசலில் ரிக் லாரிகள் நின்றன, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் சேலத்தில் அந்தப் பயிற்சிப் பள்ளி இருக்கிற ரோட்டில் கார் போனால் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

இருவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைப்பானேன். ஒருத்தர் என் கையை வைத்து அம்மாவைக் கட்டிப்போட்டார். இன்னொருத்தி அதே கையை வைத்து என்னை விட்டுவிட்டுப் போனாள். சாமி என்று நான் நம்பியது கடைசியில் இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா போனபின் அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து அந்தப் போட்டோவைத் தேடினேன். நிலப் பத்திரங்களும் என் பள்ளிக்கூடச் சான்றிதழும் இருந்தன. போட்டோ இல்லை.

அம்மா கடைசி ஒரு வருஷம் என்னோடு இருந்தாள். படுக்கைதான். ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். பஞ்சு மாதிரி முடி, பின்னுவதற்கு ஒன்றும் இல்லை. திடீரென்று கேட்டாள்.

"அந்தப் போட்டா நல்லா உழுந்திருந்துச்சா சாமி?"

எனக்கு முதலில் எந்தப் போட்டோ என்று புரியவில்லை. புரிந்ததும் சீப்பு கையில் நின்றுவிட்டது. தபால்காரரிடமிருந்து என் கைக்கு வந்தது. என் கையிலிருந்து அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது. அம்மா அன்றைக்குக் கோயிலில் தூணோரம் எட்டத்தில் நின்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"நல்லா உழுந்திருந்துச்சும்மா" என்றேன். "அந்தக்கா காரு ஓட்டுச்சு. நீ பக்கத்துல ஒக்காந்து பல்லுத் தெரியச் சிரிச்சுட்டிருந்த."

"பல்லுத் தெரிஞ்சுதா!" என்று அம்மா சட்டென்று போர்வை நுனியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.